கடை வாயிலும் கைத்துப்பாக்கியும்

ஒருவனுடைய மனை அவனுக்குக் கோட்டையாகும் என்பது ஆங்கிலச் சட்டமரபிற் பன்னெடுங்காலமாக நிலைபெற்ற கொள்கை. 1604 ஆம் ஆண்டிற் செமெயின் என்பாரது வழக்கிலே நீதிமன்றம் இதனை வலியுறுத்திக் கூறியது. வீதியோ எனின் எல்லார்க்கும் பொதுவானது. அங்கு நடமாடுவதற்கு எவருடைய இசைவையும் எவரும் வேண்டி நிற்பதில்லை. இவ்விரண்டிற்கும் இடையே, முற்றாகத் தனியுரிமை சார்ந்ததென்றோ முற்றாகப் பொதுவானதென்றோ கூறமுடியாத இடங்கள் பல உள. கடை, உணவுச்சாலை, வங்கி, படமாளிகை, எரிபொருள் நிலையம், பேரங்காடி என்பன அத்தகையன. அவற்றின் நிலமும் கட்டடமும் ஒருவருக்கோ ஒரு கம்பனிக்கோ சொந்தமானவை. ஆயினும் அவற்றின் கதவு ஊரார் அனைவருக்கும் திறந்திருக்கின்றது.

இத்தகைய இடத்துக்குத் தற்காப்பின் பொருட்டுத் துப்பாக்கி கொண்டு செல்லலாமா என்னும் வினா ஐக்கிய அமெரிக்காவில் இந்நூற்றாண்டின் பெருவழக்குகளுள் ஒன்றாக வளர்ந்துள்ளது. முறைப்படி அனுமதிப்பத்திரம் பெற்ற ஒருவர் தம் ஆடைக்குள் மறைவாகக் கைத்துப்பாக்கியொன்றை வைத்துக்கொண்டு ஒரு மளிகைக்கடையின் வாயிலில் நிற்கின்றார் எனக் கொள்வோம். கடைக்காரர் துப்பாக்கியோடு வரலாம் என்றும் சொல்லவில்லை. வரலாகாது என்றும் சொல்லவில்லை. அவர் உள்ளே செல்லலாமா? பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இவ்வினாவினுள்ளே தற்காப்புரிமை, ஆதனவுரிமை, அரசின் அதிகாரம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. அப்பிணிப்பை அவிழ்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அழைப்பும் அதன் எல்லையும்

பிறர் நிலத்தினுள் இசைவின்றிப் புகுதல் அத்துமீறல் எனப்படும். ஆயின் கடைக்குள் நுழையும் எவரும் முதலில் நின்று இசைவு கேட்பதில்லை. திறந்த கதவே அழைப்பாகக் கொள்ளப்படுகின்றது. வாய்மொழியாகத் தரப்படாது வழக்கத்தினாலும் சூழ்நிலையினாலும் பெறப்படும் இவ்விசைவைக் குறிப்பிசைவு எனலாம். 1610 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எழுந்த ‘ஆறு தச்சர் வழக்கு’ இதனை விளக்குவதற்கு ஏற்றது. தச்சர் அறுவர் மதுச்சாலையொன்றினுட் சென்று மதுவருந்திப் பணம் செலுத்தினர். பின்னர் மேலும் அருந்தி அதற்குப் பணம் கொடுக்க மறுத்தனர். அவர்கள் தொடக்கத்திலிருந்தே அத்துமீறியவர்களாகக் கருதப்பட வேண்டுமா என்பதே வினா. பொதுச் சத்திரத்தினுட் புகுவதற்குச் சட்டமே எவர்க்கும் இசைவு அளித்திருக்கின்றது என்றும், உள்ளே சென்றபின் தீச்செயல் புரிந்தாலன்றிக் கொடுக்கவேண்டியதைக் கொடாமை மட்டும் அப்புகுதலைக் குற்றமாக்காது என்றும் நீதிமன்றம் துணிந்தது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, பொதுமக்களுக்குத் திறந்த இடத்தில் நுழைவோர்க்கு இசைவு உண்டு. மற்றொன்று, அவ்விசைவு எல்லையற்றதன்று. அது ஒரு நோக்கத்துக்காகத் தரப்படுவது. பண்டம் வாங்க வருமாறு அழைக்கப்பட்டவர் கடையின் உள்ளறைக்குட் புகுந்து உறங்க முடியாது. அவ்வாறாயின், பண்டம் வாங்க வருபவர் தம்மொடு கொண்டுவரும் துப்பாக்கி அவ்வழைப்பின் எல்லைக்கு உட்பட்டதா, புறம்பானதா? பழைய வழக்குகள் இதற்கு நேரான விடை தரவில்லை. 1328 ஆம் ஆண்டின் நோதாம்ரன் சட்டம் சந்தைகளிலும் திருவிழாக் கூட்டங்களிலும் படைக்கலம் தாங்கித் திரிவதைத் தடுத்தது. ஆயினும் அது அச்சமூட்டும் வகையில் ஆயுதந் தாங்குவதை மட்டும் குறித்ததா, ஆயுதந் தாங்குவது அனைத்தையும் குறித்ததா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒருமைப்பட்டிலர்.

உரிமை வளர்ந்த வரலாறு

அமெரிக்க அரசியல் யாப்பின் இரண்டாவது திருத்தம் 1791 இல் நடைமுறைக்கு வந்தது. படைக்கலம் வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்குள்ள உரிமையை அது பேசுகின்றது. நன்கு ஒழுங்கமைந்த குடிப்படை பற்றியும் அதே வாக்கியம் குறிப்பிடுவதால், இவ்வுரிமை குடிப்படை சார்ந்ததா, தனிமனிதர் சார்ந்ததா என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. 2008 இல் உயர் நீதிமன்றம் ஹெலர் வழக்கில், ஐவர்க்கு நால்வர் என்ற பெரும்பான்மையால், தற்காப்புக்காகத் தம் வீட்டிற் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதர் உரிமையே எனத் தீர்ப்பளித்தது. பாடசாலை, அரச கட்டடம் போன்ற நொய்மையான இடங்களில் ஆயுதத்தைத் தடுக்கும் சட்டங்களை இத்தீர்ப்பு ஐயுறவில்லை என்பதையும் நீதியரசர் ஸ்காலியா அதிலே குறித்துவைத்தார். 2010 இல் மக்டொனால்ட் வழக்கு இவ்வுரிமையை மாநில அரசுகளுக்கும் நகரசபைகளுக்கும் எதிராக நிலைநாட்டியது.

வீட்டினுள் இருந்த உரிமை வீதிக்கு வந்தது 2022 யூன் 23 அன்று. நியூயோர்க் மாநிலத்தில் 1911 இல் இயற்றப்பட்ட சலிவன் சட்டத்தின் வழிவந்த விதிகளின்படி, வெளியே கைத்துப்பாக்கி கொண்டு செல்ல விரும்புவோர் அதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டியிருந்தது. புரூவன் வழக்கிலே ஆறு நீதியரசர்கள் இந்நிபந்தனையைத் தள்ளினர், மூவர் மறுத்துரைத்தனர். வீட்டுக்கு வெளியேயும் தற்காப்புக்காக ஆயுதந் தாங்கும் உரிமை உண்டென்றும், அதனைக் கட்டுப்படுத்தும் எந்தச் சட்டமும் அந்நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டுமென்றும் நீதியரசர் தோமஸ் எழுதினார். மக்கள் நெருங்கி வாழ்வதாலும் பொலிசார் காவல் புரிவதாலும் மட்டும் மன்ஹாட்டன் தீவு முழுவதையும் நொய்மையான இடமென அறிவிக்க முடியாது என்பதும் அத்தீர்ப்பின் கருத்து.

இங்கு மாணவர்கள் மனங்கொள்ள வேண்டிய செய்தியொன்று உண்டு. அரசியல் யாப்பு அரசைக் கட்டுப்படுத்துவதேயன்றிக் கடைக்காரரைக் கட்டுப்படுத்துவதன்று. துப்பாக்கியோடு வருபவரை வெளியே செல்லுமாறு கூறும் உரிமை கடைக்காரருக்கு அன்றும் இருந்தது. புரூவன் தீர்ப்பின் பின்னும் இருக்கின்றது. 1964 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இனம், நிறம், மதம், பிறந்த நாடு என்பவற்றைக் காரணமாகக் கொண்டு உணவுச்சாலை, விடுதி முதலியவற்றிலிருந்து ஒருவரை விலக்குவதைத் தடுத்தது. துப்பாக்கி தாங்குவோர் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. ஆகவே வழக்கு எழுந்தது கடைக்காரர் பேசும்போதன்று, அவர் பேசாதிருக்கும்போதே.

இருவகை நெறிகள்

பேசாதிருப்பவருடைய கருத்தை எவ்வாறு கொள்வது என்பதில் அமெரிக்க மாநிலங்கள் இருவேறு வழிகளிற் சென்றன. பெரும்பாலான மாநிலங்கள் மௌனத்தை இசைவாகக் கொண்டன. ரெக்சாஸ் மாநிலம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கு மறைவாகக் கைத்துப்பாக்கி தாங்குவதற்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் சட்டம் 1995 இல் இயற்றப்பட்டது. துப்பாக்கியை விரும்பாத உரிமையாளர் தம் விருப்பின்மையை அறிவித்தல் வேண்டும். அவ்வறிவித்தலின் வாசகத்தையும் வடிவத்தையும் சட்டமே வகுத்துள்ளது. ஆங்கிலம், ஸ்பானியம் ஆகிய இரு மொழிகளிலும், பின்னணியினின்று வேறுபட்ட நிறத்தில், ஓரங்குலத்துக்குக் குறையாத உயரமுடைய எழுத்துகளில் அது தொங்கவிடப்பட வேண்டும். சிற்சில மாநிலங்களில் அறிவித்தற் பலகைக்குத் தனியான சட்டவலிமை இல்லை. உரிமையாளர் நேரிற் சொல்லியும் வெளியேறாதவரே குற்றவாளியாவர்.

இன்னும் ஒருபடி மேற்சென்று உரிமையாளரின் அதிகாரத்தையே குறுக்கிய சட்டங்களும் உள. ஒக்லகோமா மாநிலம் 2004 இல் இயற்றிய சட்டம், பூட்டிய வாகனத்தினுள் வைக்கப்பட்ட துப்பாக்கியைத் தொழிற்சாலையின் வாகனத் தரிப்பிடத்தில் அனுமதிக்க மறுக்கும் உரிமையை முதலாளிகளிடமிருந்து நீக்கியது. 2009 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று அச்சட்டம் செல்லும் எனக் கூறிற்று. ஆகவே, ஆதனவுரிமை எப்போதும் துப்பாக்கியைத் தடுப்போரின் துணை என்றும், அரசு எப்போதும் அவ்வுரிமைக்குக் காவல் என்றும் எண்ணுதல் பொருந்தாது.

மறுவழியிற் சென்ற முதல்வரிசை மாநிலம் நியூயோர்க். புரூவன் தீர்ப்பு வெளிவந்து எட்டு நாள்களுள், 2022 யூலை 1 அன்று, அங்குப் புதிய சட்டமொன்று கையொப்பமிடப்பட்டது. உரிமையாளர் வெளிப்படையாக இசைவு தந்தாலன்றி அவரிடத்தினுள் துப்பாக்கி கொண்டு செல்வது குற்றம் என்பது அதன் விதிகளுள் ஒன்று. நியூ சேர்சி, மேரிலாந்து, கலிபோணியா, ஹவாய் ஆகிய மாநிலங்களும் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இத்தகைய விதிகளை இயற்றின. ஒரே கடை, ஒரே கதவு, ஒரே மௌனம். ஆயினும் ரெக்சாசில் அது ‘வருக’ என்று பொருள்பட்டது. இம்மாநிலங்களின் சட்டத்தில் ‘வாரற்க’ என்று பொருள்பட்டது.

நீதிமன்றங்களும் ஒரு கருத்தினவாய் இருக்கவில்லை. நியூயோர்க்கின் விதி பொதுமக்களுக்குத் திறந்த இடங்களைப் பொறுத்தவரையிற் செல்லாதென 2023 இலும் மீண்டும் 2024 இலும் ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2024 செப்டெம்பரில் மற்றொரு மேன்முறையீட்டு நீதிமன்றம் ஹவாயின் விதி செல்லத்தக்கதென்றது. வியப்பு யாதெனில், அதே தீர்ப்பிற் கலிபோணியாவின் விதி தடுக்கப்பட்டமையே. ஹவாயில் உரிமையாளர் வாய்மொழியாகவோ எழுத்தாலோ பலகையாலோ இசைவு தரலாம். கலிபோணியாவிற் பலகை ஒன்றினால் மட்டுமே தரலாம். இசைவு தரும் வழியை இவ்வாறு ஒடுக்கியதே கலிபோணியாவின் விதிக்குக் குறையாயிற்று. ஹவாய் வழக்கை உயர் நீதிமன்றம் 2025 ஒக்டோபரில் விசாரணைக்கு ஏற்றது.

பழைய சட்டங்களின் சான்று

வரலாற்று மரபே அளவுகோல் என்று புரூவன் தீர்ப்புக் கூறியமையால், வழக்கறிஞர்கள் பழஞ்சட்டங்களைத் தேடலாயினர். ஹவாயின் விதியைக் காப்போர் இரு சட்டங்களைச் சிறப்பாக முன்வைத்தனர். ஒன்று 1771 இல் நியூ சேர்சியில் இயற்றப்பட்டது. தமதல்லாத நிலத்தில் உரிமையாளரின் எழுத்துமூல இசைவின்றித் துப்பாக்கி கொண்டு செல்வதை அது தடுத்தது. மற்றொன்று 1865 இல் லூசியானாவில் இயற்றப்பட்டது; எவருடைய மனையிலோ தோட்டத்திலோ உரிமையாளரின் இசைவின்றித் துப்பாக்கி தாங்குதல் ஆகாதென அது விதித்தது. சொல்லளவில் நோக்கின், இவையிரண்டும் இன்றைய ஹவாய் விதியைப் பெரிதும் ஒத்திருக்கின்றன.

ஆயின் ஒரு சட்டத்தின் சொல்லை மட்டும் நோக்குதல் போதாது. அது பிறந்த சூழலையும் நோக்குதல் வேண்டும். நியூ சேர்சிச் சட்டம் மானும் பிற வேட்டை விலங்குகளும் களவாக வேட்டையாடப்படுவதைத் தடுக்க எழுந்தது. அது மனத்திற் கொண்டது காட்டையும் வயலையுமேயன்றிக் கடைத்தெருவையன்று என எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். லூசியானாச் சட்டத்தின் வரலாறு இன்னும் கொடியது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலை பெற்ற அவ்வாண்டிலே, தென்மாநிலங்கள் ‘கறுப்பர் சட்டங்கள்’ எனப்பட்டவற்றை இயற்றி, விடுதலை பெற்றோரை மீண்டும் தோட்டங்களோடு பிணிக்க முயன்றன. நிலமெல்லாம் பெரும்பாலும் வெள்ளையரிடம் இருந்தது. கறுப்பர் உழைத்ததும் உறங்கியதும் பிறர் நிலத்திலே. அவ்வாறாயின் ‘நில உரிமையாளரின் இசைவின்றித் துப்பாக்கி ஆகாது’ என்ற விதி யாரைக் குறிவைத்தது என்பது வெளிப்படை. நிறத்தைப் பற்றி ஒரு சொல்லேனும் கூறாத சட்டம், ஓரினத்தவரை மட்டும் காப்பற்றவராக்கியது. இத்தகைய கொடுமைகளுக்கு மறுமொழியாகவே 1868 இற் பதினான்காவது திருத்தம் நிறைவேறியது.

இன்றைய ஹவாயையும் அன்றைய லூசியானாவையும் ஒன்றெனல் நேர்மையன்று. இரண்டின் நோக்கமும் வேறு. ஆயினும் இவ்வரலாறு ஒரு பாடத்தைப் புகட்டுகின்றது. நிலமுடையாரின் இசைவுக்கு ஓர் உரிமையை உட்படுத்தும்போது, நிலம் யாரிடம் உள்ளது, இல்லாதவர் யாவர் என்று கேளாமற் செல்லுதல் தகாது.

உயிர் பற்றிய வாதம்

சட்டநூல்களை விட்டு நிகழ்ச்சிகளுக்கு வருவோம். இருதரப்பாரும் உயிர்காப்பையே தம் வாதத்தின் அடித்தளமாகக் கொள்கின்றனர். இருதரப்பார்க்கும் சான்றுகள் உள.

1991 ஒக்டோபர் 16 அன்று ரெக்சாசின் கில்லீன் நகரத்து உணவுச்சாலையொன்றில் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். சுசானா ஹப் என்னும் அம்மையார் அங்கே தம் தாய் தந்தையர் இருவரையும் இழந்தார். அக்காலச் சட்டத்துக்கு அஞ்சித் தம் துப்பாக்கியை வாகனத்திலே விட்டு வந்தமை குறித்து அவர் பின்னர் பல சபைகளிற் சான்று பகர்ந்தார்; மாநிலச் சட்டசபை உறுப்பினராகவும் தெரிவானார். 1995 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் இத்துயரம் நின்றது. 2022 யூலை 17 அன்று இந்தியானா மாநிலத்தின் கிறீன்வூட் நகரப் பேரங்காடியில் ஒருவன் சுடத் தொடங்கி மூவரைக் கொன்றான். அங்குக் கடைக்கு வந்திருந்த 22 வயது இளைஞர் தம் கைத்துப்பாக்கியால் 15 விநாடிகளுள் அவனைச் சுட்டு வீழ்த்தினார். அப்பேரங்காடியின் நிர்வாகம் துப்பாக்கி கொண்டுவரலாகாது என விதித்திருந்தது என்பது இங்கு நோக்கத்தக்கது. அவ்விதி கொலைஞனைத் தடுக்கவில்லை, காத்தவரையும் தடுக்கவில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 2018 நவம்பர் 22 இரவு அலபாமாவின் ஹூவர் நகரப் பேரங்காடியில் நடந்தது. கூட்டத்தினிடையே வேட்டொலி கேட்டதும் 21 வயதுடைய கறுப்பின இளைஞர் ஒருவர் தம் துப்பாக்கியைக் கையிலெடுத்தார். அங்கிருந்த பொலிசுக்காரர் அவரையே குற்றவாளியெனக் கருதிச் சுட்டுக் கொன்றார். முதலிற் சுட்டவன் வேறொருவன் என்பது பின்னரே தெரிந்தது. நெருக்கடியில் நல்லோன் கையிலுள்ள துப்பாக்கியும் தீயோன் கையிலுள்ள துப்பாக்கியும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். யாரைக் கண்டு யார் அஞ்சுகின்றனர் என்பதும் நிறத்தினின்று முற்றாகப் பிரிந்து நிற்பதன்று.

இரண்டு நிகழ்ச்சிகளும் உண்மை. இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி வழக்கை முடித்துவிட முனைவோர், பாதி உண்மையையே கூறியோராவர். ஒரு நாட்டின் சட்டத்தைத் தனி நிகழ்ச்சியொன்றின் மேல் எழுப்புதல் இயலாது. ஆயினும் இவற்றால் ஒன்று தெளிவாகின்றது: கதவைத் திறந்துவைத்திருப்பவர் மேற்கொள்ளும் முடிவு விளையாட்டன்று. தம் ஊழியரும் வாடிக்கையாளரும் எந்த ஆபத்துக்கு உட்படுவர் என்பதை அவர் தெரிந்தோ தெரியாமலோ தீர்மானிக்கின்றார்.

மௌனத்தின் பொருள்

‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்பது நம்மிடையே வழங்கும் முதுமொழி. இவ்வழக்கின் உயிர்நிலை அம்முதுமொழி இங்குப் பொருந்துமா என்பதிலேயே உள்ளது. ஒருவர் ஒன்றை அறிந்தும் மறுக்காதிருப்பின் அதனைச் சம்மதம் எனலாம். மறைவாகத் தாங்கிய துப்பாக்கியோ கடைக்காரரின் கண்ணுக்குப் புலனாவதில்லை. அறியாதவரின் மௌனம் சம்மதமாதல் எங்ஙனம்? துப்பாக்கி உண்டென்பதை அறிந்தவர் அதனைத் தாங்குபவர் ஒருவரே. ஆகவே கேட்கும் கடமை அவருடையதே என்பது ஹவாய் முதலிய மாநிலங்களின் வாதத்தில் வலிமை மிக்க பகுதியாகும்.

இதற்கு மறுப்பும் வலிமையுடையதே. அன்றாட வாழ்வு கடைகளின் ஊடாகவே நடைபெறுகின்றது. எரிபொருள் நிரப்பவும் பாண் வாங்கவும் மருந்து பெறவும் ஒவ்வொரு வாயிலிலும் வெளிப்படையான இசைவு தேவை எனின், வீதியிற் கொண்டு செல்லலாம் என்று நீதிமன்றம் ஏற்ற உரிமை வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள நடைபாதையளவிற் சுருங்கிவிடும். உரிமையை ஒரு கையாற் கொடுத்து மறுகையாற் பறிப்பதற்கு இஃது ஒப்பாகும் என்பர் எதிர்த்தரப்பினர்.

பேசுதல் எளிதாயின், யார் பேசவேண்டும் என்பது பெரிய வழக்காகாது. உண்மையிற் பேசுதல் எளிதன்று. 2013 செப்டெம்பரில் ஸ்ரார்பக்ஸ் கோப்பிக்கடைக் கம்பனியின் தலைவர் ஹவாட் சூல்ட்ஸ், துப்பாக்கியோடு வரவேண்டாமென வாடிக்கையாளரை வேண்டிக்கொண்டார்; ஆயினும் தடை விதிக்கவில்லை. தடை விதிப்பின் ஆயுதம் தாங்கியவரைத் தடுத்து நிறுத்தும் பணி கடையூழியர் தலையில் விழும் என்பதே அவர் கூறிய காரணம். 2019 ஓகத்து 3 அன்று ரெக்சாசின் எல் பாசோ நகரத்து வோல்மாட் அங்காடியில் நிகழ்ந்த சூட்டில் 23 உயிர்கள் மாண்டன. அடுத்த மாதம் அந்நிறுவனமும், சட்டம் இடந்தரும் மாநிலங்களில் வெளிப்படையாகத் துப்பாக்கி தாங்கி வரவேண்டாம் என வேண்டுகோளே விடுத்தது. பெருங்கம்பனிகளே இவ்வாறு தயங்கின், சிறுகடைக்காரர் ஒருவர் ஒருசாராரைப் பகைத்துக்கொள்ள அஞ்சி வாளாவிருத்தல் இயல்பேயன்றோ? ஆகவே மௌனம் சம்மதமும் அன்று, மறுப்பும் அன்று. பல இடங்களில் அஃது அச்சம். சில இடங்களில் அக்கறையின்மை. எஞ்சிய இடங்களில் இவ்வினா தம்மை நோக்கி எழுந்துள்ளது என்பதையே அறியாமை.

எனவே, மௌனத்துக்கு எப்பொருளைக் கற்பிப்பது என்று போராடுவதிலும், அம்மௌனத்தைக் கலைப்பதற்கு வழிகோலுவதே அறிவுடைமை எனத் தோன்றுகின்றது. வணிக உரிமம் வழங்கும் ஊர்களில், அதனைப் புதுப்பிக்கும்போது ‘உம் இடத்தில் துப்பாக்கிக்கு இசைவு உண்டா, இல்லையா’ என்று கேட்டு, விடைக்கேற்ற எளிய குறியொன்றை வாயிலில் வைக்கச் செய்தல் அரிதன்று. அப்போது உரிமையாளர் எவரிடமும் முகங்கொடுத்து மறுக்க வேண்டுவதில்லை. துப்பாக்கி தாங்குபவர் எந்த வாயிலிலும் ஐயுற்று நிற்க வேண்டுவதில்லை. அறியாமற் குற்றவாளியாதலும் இல்லை. துப்பாக்கியோடு வருபவரை விரும்பாத வாடிக்கையாளரும், துப்பாக்கியின்றிச் செல்ல அஞ்சும் வாடிக்கையாளரும் தத்தமக்கேற்ற வாயிலைத் தெரிந்து நுழையலாம்.

நீதிமன்றங்கள் எந்நெறியைச் செல்லுமெனக் கூறினும், உரிமையாளரின் சொல்லே முடிவானது என்பதை இருநெறியும் ஒப்புக்கொள்கின்றன. ஒருவர் தம் உயிரைக் காக்கும் உரிமையும், மற்றொருவர் தம் இடத்தின் ஒழுங்கைக் காக்கும் உரிமையும் ஒரே வாயிலிற் சந்திக்கும்போது, இரண்டையும் மதிக்கும் சமுதாயம் முதலிற் செய்யவேண்டியது வாய்திறந்து கேட்பதும் வாய்திறந்து விடையளிப்பதுமேயாம். திறந்த கதவு அழைப்புத்தான். ஆயின் எதற்கு அழைப்பு என்பதை அழைப்பவரே கூறுதல் முறையாகும்.